குட்டி ஏஞ்சல் மீனை புதுத் தொட்டியில விடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உப்புத்தண்ணி தொட்டி வச்ச ரெண்டாவது வாரமே கோரல் பியூட்டிங்கிற குட்டி ஏஞ்சல் மீனை விடலாம்னு ஒரு கடைக்காரர் சொன்னத நம்பி வாங்கிட்டு வந்து பறிகொடுத்தேன். அது நாள் முழுக்க லைவ் ராக்குல, அதாவது நுண்ணுயிருங்க குடியிருக்கிற கடல் கல்லுல, படிஞ்ச பாசியை கொத்திக் கொத்தி மேயுற ஜாதி சார், புதுக் கல்லுல என்ன இருக்கும், வயிறு ஒட்டி இடுக்குல ஒதுங்கி மூச்சு வாங்கிட்டு கிடந்துச்சு, பாக்கவே முடியல. பெரும்பாலும் கடல்ல பிடிச்சு வர்ற உயிர், விக்கிறவங்க இதையெல்லாம் சொல்லித்தான் விக்கணும். தொட்டி ஓடி 6 மாசமாவது ஆகட்டும், 250 லிட்டருக்கு குறையாம தண்ணி, உப்படர்த்தி (நல்ல தண்ணியை 1-னு வச்சு உப்புத்தண்ணியோட அடர்த்தி) 1.025 கிட்ட, ஒளிய நிறைய பொந்து வேணும். கடையிலேயே தீனி போடச் சொல்லி, தின்னுதான்னு பாத்து வாங்குங்க. பவளம் வளக்குறவங்க யோசிச்சுக்கோங்க, சிலது அதையும் கொத்தும்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை