கண்மாய் என்று எழுதியது தப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையில், 'தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வாசிக்க வந்தால் போதும்; சமூக அறிவியலில் மனப்பாடத்துக்கு மேல் எதிர்பார்ப்பது வீண்' என்று ஒரு வரி இருந்தது. மேலூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 31 வருடம் பாடம் நடத்தியவள் நான். அந்த வரியைத் தாண்டிப் படிக்க என்னால் முடியவில்லை.

என் பேத்தி மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். 'உன் ஊரில் உள்ள நீர்நிலை ஒன்றைப் பற்றி எழுது' என்று தேர்வில் கேட்டிருக்கிறார்கள். 'எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வண்டியூர்க் கண்மாய் இருக்கிறது. அங்கே கொக்கு வரும்' என்று எழுதியிருக்கிறாள். கண்மாய் என்ற சொல்லைச் சுழித்து, 'ஏரி என்று எழுதவும்' என்று சிவப்பு மையில் போட்டு, மதிப்பெண் பூஜ்யம். போய்க் கேட்டேன். "நோட்ஸ்ல இருக்கிறதை எழுதினாத்தாம்மா மார்க் போட முடியும்" என்றார்கள். மதுரைச் சீமையில் ஏரி என்று யாரய்யா சொல்கிறோம்? கண்மாயோடு, தண்ணீர் திறந்துவிடும் மடை, நிறைந்ததும் உபரி வழியும் கலுங்கு, அந்த உபரி ஓடும் மறுகால் என்று நாலு சொல் பிள்ளைக்குத் தெரிந்தால், தண்ணீர் எங்கிருந்து வந்து யார் வயலுக்குப் போகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும். அது தமிழ்ப் பாடமா, சமூக அறிவியலா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஒரு முறை ஐந்தாம் வகுப்பை மாங்குளம் மலைக்குக் கூட்டிப் போனேன். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும், தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் வெட்டிய கல்வெட்டு அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்து என்று சொன்னதும் ஒரு பையன், "டீச்சர், இதுல மெய்யெழுத்துக்குப் புள்ளியே இல்லையே, எப்படி வாசிச்சாக?" என்று கேட்டான். அன்றுவரை வாய் திறந்து நாலு வரி வாசிக்காத பையன் அவன். மறுநாள் அந்த மலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். எழுத்துப்பிழை நிறைய இருந்தது. ஆனால் ஒரு வரிகூட மனப்பாடம் இல்லை.

ஊரைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எங்களை யார் கேட்டார்கள்? ஆய்வுக்கு வருகிறவர்கள் தமிழ் வாசிக்கச் சொல்வார்கள், கணக்குப் போடச் சொல்வார்கள், கிளம்பிவிடுவார்கள். சமூக அறிவியலில் ஒரு கேள்வி கேட்டவர் என் காலத்தில் ஒரே ஒருவர். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் கைப்பேசியில் புள்ளிவிவரம் ஏற்றிக்கொண்டிருப்பார். 2022இல், சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தபோது, கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே வகுப்பை மூன்றாகப் பிரித்து உட்காரவைத்தோம். அதைக் குறை சொல்லமாட்டேன், கொரோனாவில் எழுத்தையே மறந்து வந்த பிள்ளைகள் அதில்தான் மீண்டார்கள். அப்படி மீண்டவர்களுக்கு வாசிக்க என்ன கொடுத்தோம் என்பதுதான் என் ஆதங்கம்.

நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு எங்களுடையது. அந்த உரிமையில் கேட்கிறேன். மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கண்மாயையோ மலையையோ பற்றி எழுதும் எட்டு வரியைப் போடுங்கள். கண்மாயை ஏரி என்று மட்டும் திருத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.