டிரம்ஸ் செட்டை விற்க வேண்டாம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

சரி, உங்கள் கோவில் பாடகர் குழுவின் டிரம்ஸுக்கு வருகிறேன். சத்தம் செத்துப்போய்விட்டது, விற்றுவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று பிள்ளைகள் சொல்வதாக எழுதியிருந்தாய். அவசரப்பட வேண்டாம். மரம் அவ்வளவு சீக்கிரம் சாகாது. சாவது அதன் இரு வாயிலும் இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்கின்தான்.

1950களின் கடைசியில் மைலார் என்ற பிளாஸ்டிக் ஸ்கின் வருவதற்கு முன் கன்றுத்தோலைத்தான் கட்டினார்கள். ஈரக்காற்று பட்டாலே தொய்ந்துவிடும். மைலாருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அடி வாங்கி வாங்கி இழுபட்டது இழுபட்டதுதான், பழைய நிலைக்குத் திரும்பாது. மேல் ஸ்கினில் விரலை ஓட்டிப் பார், குழி தட்டுப்பட்டால் மாற்று. கீழ் ஸ்கினில் குச்சி படுவதில்லை என்று பலரும் அதைத் தொடுவதே இல்லை. அதுவும் சேர்ந்து அதிர்ந்தால்தான் டாம் டிரம் நின்று பேசும். அதையும் மாற்று. அடியில் கம்பிகள் உரசும் ஸ்நேர் டிரம்மின் கீழ் ஸ்கின் மிக மெல்லியது, விரலால் அழுத்திவிடாதே.

ஸ்கின்னைக் கழற்றிய கையோடு ஒன்று செய்து பார். தட்டையான, தடித்த கண்ணாடி மேஜைமேல் ஷெல்லை, அதாவது டிரம்மின் மர உடலை, கவிழ்த்து வை. உள்ளே டார்ச்சைப் போட்டுவிட்டு அறை விளக்கை அணை. விளிம்புக்கடியில் எங்காவது வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு முறுக்கினாலும் டியூன் சரியாக வராது. நீயே உப்புத்தாளால் தேய்க்காதே, விவரம் தெரிந்தவரிடம் கொடு. கசிவு இல்லையென்றால் ஷெல்லைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது, ஸ்கின்னை இழுத்துப் பிடிக்கும் நீள ஸ்க்ரூவான ராடு எல்லாவற்றையும் முதலில் கையாலேயே சமமாக இறுக்கு. அப்புறம் ராடைத் திருகும் சாவியான கீயால் எதிரெதிராக அரைச் சுற்று, அரைச் சுற்று. ஒவ்வொரு ராடுக்குப் பக்கத்திலும் தட்டி, சுருதி ஒன்றாக வருகிறதா என்று கேள். தூத்துக்குடிக் காற்றில் உப்பு அதிகம். அதனால் ராடுகளைத் துடைத்து, மரையில் கொஞ்சம் வாசலின் தடவிவிடு.

சிம்பல் தட்டுகளைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். நல்ல சிம்பலில் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். உறுதியானது, ஆனால் விரிசல் விழும். ஸ்டாண்டின் கம்பிக்கு உறையாக மாட்டும் நைலான் ஸ்லீவ் காணாமல் போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இரும்பு மரை நடுத்துளையை அறுத்து அறுத்து நீளமாக்கிவிடும், விரிசல் அங்கேயே ஆரம்பிக்கும். ஸ்லீவ் கிடைக்கும்வரை ஒரு துண்டு பிளாஸ்டிக் டியூபாவது செருகி வை. மேல் நட்டை முறுக்கிப் பிடிக்காதே, சிம்பல் ஆட வேண்டும். மெட்டல் பாலிஷ் வேண்டாம், எழுத்தெல்லாம் அழிந்துபோகும். லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே துடைத்தால் போதும்.

பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் கிக் பெடல் கீச்சிடுகிறது என்றாயே, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடு.

டார்ச் வைத்துப் பார்த்துவிட்டு, அளவுகளோடு எழுது. சுற்றியிருக்கும் ரிம் வளையத்தை அளக்காதே, ஷெல்லின் விட்டத்தை அள. அடுத்த மாதம் வரும்போது ஸ்கின் எல்லாவற்றையும் இங்கிருந்தே வாங்கி வருகிறேன், சேர்ந்தே மாட்டலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்