வாய்க்கால் வரைபடத்துக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். நீடாமங்கலம், மன்னார்குடி, வலங்கைமான் சுற்றுவட்டாரத்து வாய்க்கால்களையும் வடிகால்களையும் மதகுகளையும், யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றும் வேலையில் எனக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். பொன்னாடை போர்த்தும் அளவுக்கு இது பெரிய காரியமில்லை என்றாலும், உதவியவர்களைப் பற்றி நாலு பேர் அறியப் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணினிக் கிறுக்குப் பிடித்த ஆண்களின் கூட்டத்துக்குள் ஒரு பெண் நுழைந்தால், சேர்த்துக்கொண்டதற்கே அவள் நன்றியோடு இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்புக்கும் இந்த மடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு பயிலரங்கில் வருகைப் பதிவேட்டையும் டீ டோக்கன்களையும் என் கையில் கொடுத்து வாசலில் உட்காரச் சொன்னார்கள். இன்னொன்றில் நான் கேட்ட கேள்விக்கான பதிலை, என் பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்த பையனைப் பார்த்துச் சொன்னார்கள். இவற்றை மறந்தால்தான் நன்றி சொல்ல முடியும் என்றில்லை. நினைவில் வைத்திருப்பதால்தான், அப்படி நடந்துகொள்ளாதவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அவர்களில் முதலாமவர், மதகுகளைத் திறந்து மூடித் தண்ணீரைக் கவனிக்கும் லஸ்கர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஐயா. இந்த வரைபடத்தில் நீரோட்டத்தைக் குறிக்கும் கோட்டை, தண்ணீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும் என்பது விதி. மலைநாட்டில் இது ஒரு பொருட்டே இல்லை. நம் பக்கத்தில் நிலம் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது; செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால், சித்திரையில் வறண்ட வாய்க்கால் வண்டிப்பாதையாகத் தெரிகிறது, ஐப்பசியில் ஆகாயத்தாமரை மூடி வயலோடு வயலாகிவிடுகிறது. மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்வரை காத்திருக்காமல் திசையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டபோது, ஐயா என்னை மதகின் மேல் ஏற்றி, பலகை இறங்கும் காடி எந்த முகத்தில் இருக்கிறது, அளவுகோல் எந்தப் பக்கச் சுவரில் எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் இடத்தில் தொடங்கி, அங்கிருந்து கிளைக்கும் சிறு வாய்க்கால்கள்வரை மனப்பாடமாகச் சொன்னார். ஓர் ஊரின் வடிகால் அடுத்த ஊரின் பாசன வாய்க்காலாகிவிடும் என்பதால், இது எந்த வகை என்று நான் கேட்கும் கேள்வியை எந்த ஊரில் நின்று கேட்கிறேன் என்பதும் முக்கியம் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே. பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. “கடைமடைக்காரனுக்கு உபயோகப்படுமாம்மா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பாதி வேலை நடந்தது.

வேலை தொடங்கிய காரணமும் அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், வெளியூர்களிலிருந்து நிவாரணப் பொருள்களோடு வந்த வண்டிகள் பெரிய சாலைகளிலேயே நின்றன. உள்ளே இருந்த குடியிருப்புகள் பல எந்த வரைபடத்திலும் இல்லை. அப்போது வழி கேட்டவர்களுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்த பாலிடெக்னிக் ஆய்வக அண்ணன்தான், சொன்னதை எழுதிவைத்தால் அடுத்த முறை பயன்படும் என்று என்னை இதில் இழுத்துவிட்டார். பிறகு மாலையில் ஆய்வகத்தை எனக்காகத் திறந்துவைத்தார். மாணவிகள் இருவரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்பதை அவரே கடிகாரம் பார்த்துச் சொன்னார். விசைப்பலகையை என் கையிலிருந்து பிடுங்கி “நான் செய்து தருகிறேன்” என்று ஒரு தடவைகூடச் சொல்லாததற்கு அவருக்குத் தனி நன்றி. இது எவ்வளவு அரிய குணம் என்பது ஆய்வகத்தில் படித்த பெண்களுக்குத் தெரியும்.

பெங்களூரிலிருந்து என் திருத்தங்களைக் கவனித்துவந்த ஒருவர், முகம் தெரியாமலே என்னை ‘ப்ரோ’ என்று அழைத்து, எதை வடிகால் என்று குறிப்பது, எதைக் கால்வாய் என்று குறிப்பது என நீண்ட விவாதம் நடத்தினார். நான் பெண் என்று தெரிந்தபின் அவர் பேச்சில் விளி மட்டுமே மாறியது. கறாரும் குறையவில்லை, குழைவும் கூடவில்லை. கடைசியில் நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார் என்பதைவிட, கடைசிவரை வாதத்தோடு மட்டும் மோதினார் என்பதே எனக்குப் பெரிது.

2004இல் தொடங்கிய இந்த வரைபடத்தில் யார் எந்தக் கோட்டைப் போட்டார் என்பது கணக்குப் பெயரோடு பதிவாகிறது. தொடக்ககால மின்னணுக் கணினியான எனியாக்குக்கு நிரல் அமைத்த 6 பெண்களை, 1946இல் அது உலகுக்கு அறிமுகமானபோது யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவர்களின் பெயர்கள் பரவலாகத் தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதை நினைத்தால், என் கணக்கின் பெயரைத் தாங்கி நிற்கும் சின்ன வாய்க்காலும் எனக்கு உசத்திதான்.

ஆனால் பெயர் பதிவானால் மட்டும் போதாது. எதைப் பதியலாம் என்று தீர்மானிக்கும் இடத்திலும் பெண்கள் இருக்க வேண்டும். வரைபடத்தில் ஓர் இடம் என்ன வகை என்பதைச் சொல்வது குறிச்சொல். குழந்தைகள் காப்பகத்துக்குத் தனிக் குறிச்சொல் வேண்டும் என்ற முன்மொழிவு 2011இல் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களின் வாக்கெடுப்பில் தோற்றது. பிற்பாடு அந்தக் குறிச்சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது என்றாலும், அந்தத் தோல்வியைப் படித்த நாளில் எனக்கு வயிறு எரிந்தது. 2016இல் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் ஜியோசிக்காஸ் என்ற பெயரில் ஒன்றுகூடி, பிற்பாடு எத்தனை தெருக்களுக்குப் பெண்களின் பெயர் இருக்கிறது என்று கணக்கெடுக்கத் தொடங்கியதைப் படித்தபின்தான் எரிச்சல் உருப்படியான திசையில் திரும்பியது. வாய்க்கால்களோடு அங்கன்வாடியையும் சேர் என்று சொன்ன அங்கன்வாடி டீச்சருக்கும், பேருந்து நிலையத்தில் பூட்டிக் கிடக்கும் மகளிர் கழிப்பறையைப் ‘பூட்டிக் கிடக்கிறது’ என்றே குறிக்க வேண்டும் என்று அடம்பிடித்த பூக்கடை அக்காவுக்கும் என் வணக்கம். வரைபடத்தில் எது இல்லை என்பதை என்னைவிட அவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள்.

அம்மாவுக்கு இந்த மடலில் ஒரு வரி போதும் என்று அவரே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்து “எங்கே பொண்ணு?” என்று கேட்கும்போதெல்லாம், “மதகு பார்க்கப் போயிருக்கா” என்று முகம் சுளிக்காமல் பதில் சொன்னதற்கு நன்றி அம்மா.

சைக்கிள் கொடுத்தவர்கள், நாய் துரத்தியபோது வீட்டுக்குள் அழைத்துத் தண்ணீர் கொடுத்தவர்கள், வயலுக்குள் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த என்னைச் சர்வேக்காரி என்று நினைத்தும் திட்டாமல் விட்டவர்கள் எனப் பெயர் கேட்டுக்கொள்ளாத பலருக்கும் இந்த நன்றி சேரட்டும். ஆய்வகத்தில் இரவல் வாங்கிய பென் டிரைவ்கள் இன்னும் என்னிடமே இருக்கின்றன. உரியவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமை மாலையும் வந்து வாங்கிக்கொள்ளலாம், காலையில் நான் இருக்க மாட்டேன்.

நன்றியுடன்,
நீடாமங்கலம் வட்டத்து வரைபடக்காரி