புத்தகத்தை மூடிவிட்டுப் படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. மாடி அறையில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. சித்தி வீட்டு விஷயம் நீ நினைத்தபடியேதான் முடிந்தது, அதை அம்மா விவரமாகச் சொல்வாள்.

ஃபோன் செய்தால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. உனக்கு நேரமில்லை என்று தெரியும். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். இதற்கு உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. மேசையில் போட்டு வைத்து, தோன்றும்போது படி.

அரசு வேலைப் பரீட்சையைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை. லிஸ்ட் வந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். உன் பதிவெண் என் டைரியில் இருக்கிறது, இருந்தாலும் நான் பார்க்கவில்லை. நீயாகச் சொல்லும்போது தெரிந்துகொள்கிறேன்.

எழுத வந்தது வேறு. பொங்கலுக்கு வந்திருந்தபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாயே, "நாலு ஆப்ஷனுமே படிச்ச மாதிரிதாம்மா இருக்கு, எது சரின்னு மட்டும் தெரியல, என் மண்டையில ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது" என்று. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன், காதில் விழுந்தது. அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன்.

வேறு யார் சொன்னாலும் நம்புவேன். நீ சொன்னால் நம்ப மாட்டேன். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பின்கோடு கேட்கச் சொல்லி நச்சரிப்பாய். 607002 என்பேன். சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு "திருப்பாதிரிப்புலியூர்" என்பாய். 607003? "ஓ.டி., கடலூர் ஓல்டு டவுன்." 607105? "நெல்லிக்குப்பம், ஆயா ஊரு." 608001 சிதம்பரம், 605001 பாண்டிச்சேரி. ஒன்று தப்பினால் போதும், அழுகை. மறுநாள் முதல் கேள்வியே அதுவாக இருக்க வேண்டும் என்று அடம் வேறு. தபால் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவேன். அந்த மண்டை எங்கேயும் போய்விடவில்லை. அன்றைக்குப் படித்த விதம் வேறு, இன்றைக்குப் படிக்கிற விதம் வேறு.

பொங்கலன்று உன் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினேன். பக்கம் முழுக்க மஞ்சள் கோடு. கோடு படாத வரியைத் தேட வேண்டியிருந்தது. கேட்டதற்கு, "அஞ்சு ரிவிஷன் முடிஞ்சுதுப்பா" என்றாய். உன் உழைப்பைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் திரும்பத் திரும்ப வாசிப்பது படிப்பு ஆகாது பாப்பா. அப்படி வாசித்தால் அந்தப் பக்கம் பழகிப்போகும். பழகினதை எல்லாம் தெரிந்தது என்று மனசு கணக்கு வைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்ததும் தெரிந்த முகமாக இருக்கும், பேர் மட்டும் வாயில் வராது. பரீட்சை ஹாலில் நாலு ஆப்ஷனும் அப்படித்தான் வந்து நிற்கிறது. மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் நின்று யோசிக்க ஏது நேரம்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சார்ட்டிங்கில், தபாலை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலையில், போட்டார்கள். எந்த ஊர்த் தபால் எந்தப் பையில் போகும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ராத்திரியெல்லாம் வாசித்தேன். காலையில் அறை அறையாகத் தடுத்த சார்ட்டிங் கேஸ் முன்னால் நின்றால் ஒன்றும் வரவில்லை. கடிதத்தைப் பார்ப்பேன், பட்டியலைப் பார்ப்பேன், அப்புறம் அறையில் போடுவேன். இதைக் கவனித்த ஒரு சீனியர் பட்டியலை வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். "அட்ரஸைப் பாரு. உனக்குத் தோணுற அறையில போடு. தப்பா இருந்தா நான் எடுத்து மாத்துறேன்" என்றார். கோபமாக வந்தது. ஆனால் கொஞ்ச நாளில் கை தானாகவே போக ஆரம்பித்தது. ஒவ்வொரு கவரும் ஒரு கேள்வி. ஊர்ப் பெயரைப் பார்த்ததும், அறை எது என்று உள்ளேயிருந்து தேடி எடுக்க வேண்டும். தப்பாகப் போட்டு அவர் எடுத்து மாற்றிய ஊர்கள்தான் ரொம்ப நன்றாக மனசில் நின்றன. வெறும் புதுப்பேட்டை என்று எழுதியிருந்தால் எந்தப் புதுப்பேட்டை என்று இன்றைக்கும் மாவட்டத்தைத் தேடிக் கண் போகும்.

நீ சொன்னதைக் கேட்ட பிறகு மஞ்சக்குப்பம் நூலகத்துக்குப் போய் உளவியல் புத்தகங்களைத் தேடி எடுத்துப் படித்தேன். அந்த சீனியர் செய்ததை அமெரிக்காவில் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்று இரண்டு பேர், 2006-ல். ஒரு பாடத்தைச் சில மாணவர்கள் நாலு தடவை வாசித்தார்கள். வேறு சிலர் ஒரே தடவை வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவுக்கு வந்ததை மூன்று தடவை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களிடம் மிஞ்சியது 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இன்னொன்று கேள். நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நாலு தடவை வாசித்தவர்கள்தான். உன் அஞ்சு ரிவிஷனை நினைத்துக்கொண்டேன்.

மறப்பதும் உனக்கு மட்டும் நடப்பதில்லை. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து, 1885-ல் புத்தகமாகப் போட்டார். முதல் ஒரு மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் மடமடவென்று மறக்கிறது, அதற்கப்புறம் வேகம் குறைந்துவிடுகிறது. அதனால் இன்று படித்ததை நாளைக்கே ஒரு தடவை மூடிவைத்து நினைத்துப் பார். அப்புறம் மூன்று நாள் விட்டு, அப்புறம் ஒரு வாரம் விட்டு. ஒரே நாளில் பத்து மணி நேரம் உட்கார்ந்து ஒரு பாடத்தை முடிப்பதை விட, அதே நேரத்தைப் பல நாளுக்குப் பிரித்துக்கொண்டால் அதிகமாக நிற்கும்.

ராத்திரி இரண்டு மணி வரை விளக்கு எரிகிறதாமே. யார் சொன்னார்கள் என்று கேட்காதே. பகலில் படித்ததை மூளை உறுதியாக்கிக்கொள்வதற்குத் தூக்கம் வேண்டும், இதை எல்லாப் புத்தகத்திலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். விழித்துப் படிக்கிற நேரம் லாபம் என்று நினைக்கிறாய், அது கைமுதலையே தின்கிற நஷ்டம். பதினோரு மணிக்குப் படுத்துவிடு. மெஸ்ஸில் ராத்திரி சாப்பாடு சரியில்லை என்றால் சொல், அம்மா பொடி அரைத்து அனுப்புவாள். பட்டினியாகப் படுக்காதே.

எப்படி மூடிவைத்துப் படிப்பது என்பதற்கு நம்ம ஊர்ச் சமாச்சாரத்தையே எடுத்துக்கொள். தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டை உன் சிலபஸில் வரும். 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் வாங்கியது, 1746-ல் அவர்களுடைய தலைமையிடம் ஆனது, 1752-ல் திரும்ப சென்னைக்குப் போனது, 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தது. எல்லா வரிக்கும் மஞ்சள் கோடு போட்டிருக்கிறாய். கோடு போடாமல் கேள்வி போடு. 1746-ல் ஏன் அவர்கள் இங்கே வர வேண்டும்? சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சரி, பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரி இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், அப்படியிருக்க இந்தக் கோட்டை எப்படித் தப்பியது? பாண்டிச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே பிடிக்க முயற்சி செய்தார், முடியவில்லை. 1748-ல் உடன்படிக்கையாகி 1749-ல் சென்னை திரும்பக் கிடைத்தது, அப்படியும் தலைமையிடம் 1752 வரை இங்கேயே ஏன் இருந்தது? இப்படி ஒன்றிலிருந்து ஒன்று கேட்டுக்கொண்டே போனால் வருஷங்கள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் இருந்த ஊர்களை எடுத்துக்கொண்டதால் அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்ததை நீதான் எனக்கு முதலில் சொன்னாய். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, நம்ம வீடு வரைக்கும் குண்டு வந்திருக்குமா?" என்று கேட்டாய். அதை மறக்கவில்லை அல்லவா? கேள்வி கேட்டதால்தான் மறக்கவில்லை.

பாடத்தைத் திறக்கும் முன்பே தலைப்பைப் பார்த்து, இதில் என்ன இருக்கும் என்று ஐந்தாறு கேள்வி எழுதிவிடு. படி. மூடு. வெள்ளைத்தாளில் வந்ததை எழுது. வராததை மட்டும் திறந்து பார். எழுத உட்கார்ந்து ஒன்றும் வராமல் விழிக்கும்போது எரிச்சலாக இருக்கும், அழுகைகூட வரும். அப்போது உனக்கு மண்டை இல்லை என்று முடிவு கட்டாதே. அப்படித் தேடித் திணறுகிற நேரத்தில்தான் படிப்பு ஏறுகிறது. வரலாற்றையே நாள் முழுக்க வைத்துக்கொள்ளாமல் நடுவில் கணக்குப் போடு, பொருளாதாரம் பார், திரும்ப வா. கோட்டூர்புரம் நூலகத்தில் சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்க இடம் உண்டு என்று சொல்லியிருந்தாய். இப்போதும் போகிறாயா, அறையிலேயே அடைந்து கிடக்கிறாயா? போய் வந்தால் நாலு முகமாவது கண்ணில் படும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதே. நன்னூலில் பவணந்தி முனிவர் பாடம் கேட்பது எப்படி என்று தனியாகவே சொல்லியிருக்கிறார். கேட்டதைத் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டும், வினாவ வேண்டும், வினாவியதற்கு விடை சொல்ல வேண்டும் என்கிறார். ஆசிரியர் சொல்வதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் ஏறுமாம். கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, படித்ததைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம். நீ அரைப் பங்கை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். போன வருஷம் வரை உன் ரூம்மேட்டோடு கேள்வி கேட்டுக்கொள்வாய், இப்போது அதுவும் இல்லை போலிருக்கிறது. ஒருத்தரிடமும் பேசாமல் இருந்தால் படிப்பும் நிற்காது, உடம்பும் நிற்காது.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் பழைய புத்தகக் கடையில் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு ஃபோன் செய்வேன். நீ அந்த வாரம் படித்ததில் ஒரு பாடத்தை, புத்தகத்தைப் பார்க்காமல், எனக்குச் சொல்லிக் கொடு. நான் புரியாததைக் கேட்பேன். எனக்கு நிறையவே புரியாது, உனக்குத் தெரியும். பாடம் சொல்ல மனசில்லாத வாரம் வேறு எதை வேண்டுமானாலும் பேசு. ஒன்றும் பேசத் தோன்றவில்லை என்றால் நான் பேசுகிறேன், நீ கேள். ஃபோனை மட்டும் எடு.

இந்தப் படிப்பே வேண்டாம், வேறு பக்கம் போகலாம் என்று நீ நினைத்தாலும் இதே முறைதான் அங்கேயும் உதவும். எங்கே போனாலும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டுதானே ஆக வேண்டும். தொடர்ந்து எழுதுகிறேன் என்றாலும் சரி. இரண்டில் எதைச் சொன்னாலும் அப்பாவுக்குச் சரி. மாமாவிடம் சொல்லிவிட்டேன், இந்த வருஷம் வரன் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று. அம்மா கொஞ்சம் முணுமுணுத்தாள், பிறகு அவளே திருவந்திபுரம் மலைக்குப் போய் உன் பழைய பேனாவை ஹயக்ரீவர் சன்னதியில் வைத்து வாங்கி வந்தாள்.

பேனா பார்சலில் வருகிறது. கூடவே ஒரு கட்டு போஸ்ட்கார்டும், ஐந்து தடுப்பு வைத்த ஒரு அட்டைப் பெட்டியும் இருக்கும். பெட்டி நானே செய்தது. லைட்னர் என்று ஒருவர் 1972-ல், நம்ம பின்கோடு வந்த அதே வருஷம், எழுதிய முறை இது. கார்டின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். எல்லாக் கார்டும் முதல் தடுப்பில் தொடங்கும். பதில் சரியாக வந்தால் அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பினால் எங்கே இருந்தாலும் முதல் தடுப்புக்கே திரும்பும். முதல் தடுப்பைத் தினமும் பார், பின்னால் போகப் போக இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பார்த்து நேரம் போகாது. கார்டு 50 பைசாதான், தாராளமாக எழுது. தீர்ந்தால் சொல், இன்னும் வாங்கி அனுப்புகிறேன். முதல் பத்துக் கார்டில் கோட்டைக் கேள்விகளை நானே எழுதி வைத்திருக்கிறேன். பதில் பக்கம் வெறுமையாக இருக்கும், அதை நீ எழுது.

பார்சல் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் சொல்லி வை. பதினோரு மணிக்குத் தூங்கு. ஞாயிறு ஏழு மணி.

அன்புடன்,
அப்பா