வெளிநாட்டு ஸ்கூலுக்கு கிளம்புற டீச்சருங்க பேசிக் எவ்ளோன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டை, கணக்கு டீச்சர். ஷார்ஜால ஆறு வருஷம் வேலை பார்த்துட்டு போன வருஷம்தான் ஊருக்கு வந்தேன். வந்ததுல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா நம்ம ஏரியா டீச்சருங்க யாராவது ஆஃபர் லெட்டரோட வீட்டுக்கு வந்துடுறாங்க, வியாசர்பாடி, மூலக்கடை, திருவொற்றியூர்ல இருந்துகூட. எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், துபாயா மஸ்கட்டா கத்தாரா, எங்க சம்பளம் ஜாஸ்திக்கா? நானும் அப்படிப் பார்த்துதான் போனேன், அதனாலதான் இதை எழுதுறேன்.

மாசம் 5,000 திர்ஹாம்னு ஏஜென்ட் சொன்னாரு. அதுல பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 2,000தான், மீதியெல்லாம் வாடகை, போக்குவரத்துன்னு அலவன்ஸ். கைக்கு வர்றது ஒண்ணுதானேன்னு கையெழுத்து போட்டுட்டேன். அந்த ஊர் சட்டப்படி கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு வர்றப்போ மொத்தமா குடுக்குற பணம், முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷா வருஷம் 21 நாள் பேசிக், அதுக்கு மேல போனா வருஷத்துக்கு 30 நாள், ஆக எனக்கு 135 நாள், 9,000 திர்ஹாம் வந்துச்சு. அதே 5,000 சம்பளத்துல பேசிக் 3,000ன்னு போட்டிருந்தா 13,500 வந்திருக்கும். ஆறு வருஷ உழைப்புல 4,500 திர்ஹாம் ஒரு வரியால போச்சுன்னு இன்னைக்கும் வயிறு எரியுது.

அடுத்தது புள்ளைங்க படிப்பு. டீச்சர் புள்ளைக்கு ஃபீஸ்ல எவ்ளோ கழிவு, ஒரு புள்ளைக்கா ரெண்டுக்கா, அதை எழுத்துல வாங்குங்க. வாயால சொன்னது அங்க போனா செல்லாது.

எந்த நாடுன்றதைவிட எந்த பாடத்திட்டம்னு பாருங்கப்பா. வளைகுடாவுல சி.பி.எஸ்.இ ஸ்கூல் நெறைய இருக்கு, நம்ம பி.எட் அங்க நேரா எடுபடும், ஏப்ரல்லயே வருஷம் ஆரம்பிச்சுடும். ஐ.பி, ஐ.ஜி.சி.எஸ்.இன்னு வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்துற இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சம்பளம் பொதுவா நல்லா இருக்கும், ஆனா அந்த முறையில பாடம் நடத்தின அனுபவம் கேப்பாங்க. ஐ.பி டிப்ளமோல ஒரு பாடத்துக்கு மார்க்கு 1ல இருந்து 7 வரைதான், பசங்க சொந்தமா ஆராய்ஞ்சு எழுதுற வேலையும் அதுல சேரும், எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க்குன்னு சொல்ற ப்ளூபிரிண்ட் பார்த்து முக்கியக் கேள்வி குறிச்சுக் குடுக்குற பழக்கம் அங்க உதவாது. சென்னையிலயே அந்த மாதிரி ஸ்கூல்ல ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போனா பேரம் பேசவாவது தெம்பு இருக்கும்.

சர்டிபிகேட்டுக்கு அத்தாட்சி வாங்குற வேலைக்கும் நாள் ஒதுக்கிக்கோங்க. ஓமன், பஹ்ரைன்னா அப்போஸ்டில், அதாவது நம்ம வெளியுறவு அமைச்சகம் குடுக்குற அத்தாட்சி, போதும், எமிரேட்ஸ்க்கு தூதரக முத்திரை வரைக்கும் அலையணும். இன்னொண்ணு, ரெஜிஸ்டர் பண்ண ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதுக்கு மேல யார் கேட்டாலும் தரவே தராதீங்க, போன மாசம்கூட ஒரு பொண்ணு நகையை அடகு வெச்சு கட்டிட்டு வந்து எங்க வீட்ல அழுவுது.

தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978ல இருந்தே இருக்கு, இங்க பாதி பேருக்கு அது தெரியவே தெரியாது. ஆபீஸ் கிண்டியில. மெட்ரோ இருக்கு, ஒத்துக்கிறேன், ஆனா சனிக்கிழமையும் ஸ்கூல் வைக்கிற பிரைவேட் டீச்சர் லீவு போட்டா சம்பளம் கட். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ராயபுரத்துலயோ பெரம்பூர்லயோ ஒரு முகாம் போட்டு, ஆஃபர் லெட்டரைப் படிச்சுச் சொல்ல ஆளை உக்கார வைக்கச் சொல்லி நீங்க எழுதணும்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
தண்டையார்பேட்டை, சென்னை.