ஃபிரேம் வேறு, ஸ்டில் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய மௌன சினிமாவின் காட்சிப் படம் என்றாலே, உரிமை பார்க்காமல் யாரும் எடுத்துப் பத்திரிகையில் போடலாம் என்றொரு நினைப்பு இருக்கிறது. பாதிதான் சரி. பிலிம் சுருளிலிருந்து எடுத்த ஃபிரேமுக்குப் படத்தின் பதிப்புரிமையே பொருந்தும். படப்பிடிப்புத் தளத்தில் ஸ்டில் போட்டோகிராபர் தன் கேமராவில் எடுத்த ஸ்டில் தனிப் படைப்பு; அதன் உரிமையும் தனி. நாயகி நேரே லென்ஸைப் பார்த்துச் சிரித்தால் பெரும்பாலும் இந்த ரகம்தான்!

நாட்டுக்கு நாடு கணக்கும் மாறும். 1927இல் வெளியான ஜெர்மன் மௌனப் படம் ‘மெட்ரோபோலிஸ்’ அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து, அதாவது பதிப்புரிமை முடிந்துவிட்டது. ஜெர்மனியில் இயக்குநர், திரைக்கதை ஆசிரியர், வசனகர்த்தா, படத்துக்கென இசையமைத்தவர் ஆகியோரில் கடைசி ஆள் இறந்து 70 ஆண்டு ஆக வேண்டும். இந்தப் படத்தில் அந்தக் கடைசி ஆள் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்; அவர் இறந்தது 1976இல். ஆக, அங்கே 2046 முடியும்வரை உரிமை உண்டு.

படத்துக்கு அடியில் ‘நன்றி: இணையம்’ என்று போடுவதற்குப் பதில், அது ஃபிரேமா ஸ்டில்லா, எடுத்தவர் யார் என்று குறிப்பிடுங்களேன்.

– ஒரு வாசகர்