கப் கணக்கு வேண்டாம், கிராமில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரக நோயாளிகளுக்கான சமையல் குறிப்புகளை உங்கள் இதழிலிருந்து வாரந்தோறும் கத்தரித்து வைத்துக்கொள்பவள் நான். என் மாமனாருக்கு இரண்டு ஆண்டுகளாகப் பத்தியச் சாப்பாடு. வேளைக்கு வெந்த காய் 100 கிராம் என்பது மருத்துவர் வகுத்த அளவு. காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் உடலில் தேங்கிவிடும் பொட்டாசியம் என்ற தாதுவில் ஒரு பகுதி அதோடு போய்விடும். சென்ற வாரக் குறிப்பில் நீங்கள் எழுதியிருந்தது ‘வேகவைத்த காய் ஒரு கப்’. எந்தக் கப்?

அமெரிக்கக் கப் ஏறத்தாழ 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. எங்கள் வீட்டு டம்ளர் 200 மில்லி. அளவு ஒன்றாகவே இருந்தாலும் எடை ஒன்றாக இருப்பதில்லை. தராசில் வெறும் டம்ளரை வைத்துச் சுழிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு காயாக நிரப்பிப் பார்த்தேன். பொடியாக நறுக்கி வெந்த பீன்ஸ் 105 கிராம். வில்லைகளாக வெந்த கேரட் 130. மசித்த பரங்கிக்காய் 200 கிராமைத் தாண்டியது! பீன்ஸ் துண்டுகளுக்கு இடையே காற்று நிற்கிறது. பரங்கி இண்டு இடுக்கில்லாமல் படிந்துவிடுகிறது. ஒரே டம்ளர், ஆனால் ஒன்றில் ஒரு வேளைக் காய், மற்றொன்றில் இரண்டு வேளைக் காய். கரண்டியால் சற்று அழுத்தி நிரப்பினால் பீன்ஸின் கணக்கும் மாறிவிடும்.

கீரையில்தான் எனக்கு அச்சம் அதிகம். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி ஒரு கப் பச்சைப் பாலக் கீரை 30 கிராம். வெந்தது 180 கிராம். இலை சுருண்டு, அதே கப்பில் ஆறு மடங்கு எடை அடங்கிவிடுகிறது. அந்த ஒரு கப்பில் 800 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. பச்சையா வெந்ததா என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், சிறுநீரகம் தளர்ந்தவர் தட்டில் எவ்வளவு விழும் என்று எண்ணிப் பாருங்கள்.

எடையைப் போட்டாலும் அந்த ஒரு சொல் வேண்டும். நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி என்று ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் சொன்னது பச்சைக் காயின் எடையை. எங்கள் அடுப்பில் அரைக் கிலோ முட்டைக்கோஸ் வதங்கி 400 கிராமாக இறங்குகிறது. அப்படியென்றால் 100 கிராம் பொரியலுக்கு 125 கிராம் பச்சைக் கோஸ். இந்தக் கணக்கும் காய்க்குக் காய், வேகும் நேரத்துக்கு நேரம் மாறும். தேங்காயும் பருப்பும் சேர்த்துவிட்டால் காயின் எடையைப் பிரித்துச் சொல்லவே முடியாது. ஆகவே தாளிப்பதற்கு முன்பே எடை போட்டுவிடுகிறேன்.

ஆரோக்கியமானவர்களுக்கான குறிப்புகளில் கப் இருந்துவிட்டுப் போகட்டும். நோயாளிகளுக்கான பகுதியில் மட்டுமாவது கிராமில் எழுதி, பக்கத்தில் ‘பச்சையாக’ அல்லது ‘வெந்து வடித்தபின்’ என்று சேர்த்து அச்சிடுங்கள். சென்ற வாரக் குறிப்புக்கான எடையையும் வரும் இதழில் வெளியிட வேண்டுகிறேன். அதுவரை அந்தப் பக்கத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை – 33